நாய்களின் பார்வோ வைரஸ் நோய்

பார்வோ வைரஸ் நோய் நாய்களின் குடலையும் எலும்பு மச்சையையும் தாக்கும் தொற்றுநோய். ஓயாத வாந்தியும் இரத்தம் கலந்த வயிற்றோட்டமும் உடல் நீரை வற்றச்செய்து, சில நாட்களிலேயே உயிரைப் பறித்துவிடும். ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரையான குட்டிகளே அதிகம் பலியாகின்றன. பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதரோடு வாழும் நாயினத்துக்கு இந்நோய் வந்து அரை நூற்றாண்டுதான் ஆகிறது. நோய் பரவிய சில ஆண்டுகளுக்குள் தடுப்பூசியும் கிடைத்துவிட்டது. அப்படியிருந்தும் குட்டிகள் மடிகின்றன என்றால், குறை தடுப்பூசியில் இல்லை. ஊசி எந்த வயதில், எந்த ஒழுங்கில் குட்டியைச் சேர்கிறது என்பதில்தான் இருக்கிறது. மலையும் வறண்ட வலயமும், தோட்டமும் காடும் அடுத்தடுத்து அமைந்த இலங்கையின் மாத்தளை மாவட்டத்துக்கு இந்த உண்மை நேரடியாகப் பொருந்தும்.

1967இல் நாய்களிடம் வேறொரு பார்வோ வைரஸ் கண்டறியப்பட்டிருந்ததால், பின்னர் வந்த இந்த வைரஸ் இரண்டாம் வகை எனப் பெயர் பெற்றது. 1978இல் அமெரிக்கா, ஐரோப்பா, அவுஸ்திரேலியா ஆகிய இடங்களில் ஏறக்குறைய ஒரே காலத்தில் வெடித்த இந்நோய், ஓரிரு ஆண்டுகளில் உலகெங்கும் பரவியது. சேமித்து வைத்திருந்த பழைய இரத்த மாதிரிகளை ஆராய்ந்தபோது, 1970களின் நடுப்பகுதியிலேயே ஐரோப்பிய நாய்களிடம் அதன் தடயம் இருந்தது தெரியவந்தது. பூனைகளைத் தாக்கும் பார்வோ வைரசிலிருந்தோ அதன் நெருங்கிய உறவிலிருந்தோ இது பிறந்தது. வைரசின் புற உறைப் புரதத்தில் நிகழ்ந்த ஒருசில மாற்றங்களே நாயின் உயிரணுவுக்குள் நுழையும் வழியை அதற்குத் திறந்துவிட்டன. தாய் நாய்களிடம் எதிர்ப்புச் சக்தியே இல்லாத அந்த ஆரம்ப ஆண்டுகளில், பிறந்து சில வாரங்களேயான குட்டிகள் இதயத் தசை பழுதாகித் திடீரெனச் செத்தன. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் லேலண்ட் கார்மைக்கலும் மக்ஸ் அப்பெலும் உருவாக்கிய தடுப்பூசி அந்த நிலையை மாற்றியது. வைரஸ் 2ஏ, 2பி, 2சி என உருமாறி வந்தபோதும் தடுப்பூசி பயனற்றுப் போகவில்லை.

நோயுற்ற நாயின் மலத்தில் கோடிக்கணக்கில் வெளியேறும் இந்த வைரஸ், நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் மாதக்கணக்கில், சாதகமான சூழலில் ஓராண்டுக்கும் மேலாகக்கூட, தொற்றும் ஆற்றலோடு கிடக்கும். செருப்பும் வாகனச் சக்கரமும் அதைச் சுமந்து செல்லும். சாதாரணச் சவர்க்காரம் அதை அழிக்காது. அசுத்தத்தைக் கழுவியபின், ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு நீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டால் அழியும். மாத்தளை மாவட்டத்தில், நாட்டின் பல மூலைகளிலிருந்தும் லொறிகள் வந்துசேரும் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையமும், வீட்டோடு வீடு ஒட்டிய தோட்ட லயன்களும் இத்தகைய வைரசுக்கு எளிய பாதைகள். நக்கிள்ஸ் மலையிலும் வஸ்கமுவ தேசியப் பூங்காவிலும் சிறுத்தை முதலான ஊனுண்ணிகள் வாழ்வதால் கவலை ஊர் எல்லையோடு முடிவதில்லை. அமெரிக்காவின் ஐல் ரோயல் தீவில் 1980இல் 50 ஆக இருந்த ஓநாய்கள் 1982இல் 14 ஆகக் குறைந்ததில், நாய்களிடமிருந்து சென்ற பார்வோவுக்குப் பங்கு உண்டு என்பது அங்குள்ள ஆய்வாளர்களின் முடிவு.

ஊசி போட்ட குட்டியும் சாகிறதே, பிறகு ஊசி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. விடை குட்டியின் வயதில் இருக்கிறது. சீம்பாலில் வரும் தாயின் எதிர்ப்புப் பொருள் முதல் வாரங்களில் குட்டியைக் காக்கிறது. அதே பொருள் தடுப்பூசியையும் முறியடித்துவிடுகிறது. அது எந்த வாரத்தில் வடியும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். ஆகவேதான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் அல்லது அதற்குமேல் ஆகும்வரை ஊசி தொடர வேண்டும் என்கிறது உலகச் சிறுபிராணி மருத்துவச் சங்கம். ஓர் ஊசிக்குத்தான் வசதி என்றால், அதைப் பதினாறு வாரம் கடந்தபின் போடுமாறும் அது வழிகாட்டுகிறது. ஏழை வீட்டுக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் இல்லை. கட்டாக்காலி நாய்கள் தாமாகவே எதிர்ப்புச் சக்தி பெறுகின்றனவே என்பது இன்னொரு வாதம். பெறுகின்றன, ஆனால் நாம் பார்ப்பது பிழைத்தவற்றை மட்டுமே. அந்தச் சக்திக்கு ஈடாகச் செத்த குட்டிகள் கணக்கில் வருவதில்லை.

மனிதருக்குத் தொற்றாத நோய்க்கு அரசு ஏன் செலவிட வேண்டும் என்பதே வலுவான ஆட்சேபம். நீர்வெறுப்பு நோய்க்கு முதலிடம் தருவது சரியே. 1973இல் இலங்கையில் 377 உயிர்களைக் குடித்த அந்நோய், நாய்களுக்கு இலவசத் தடுப்பூசி போட்டதாலும் கடியுண்டவர்களுக்குச் சிகிச்சை பரவியதாலும் பெருமளவு அடங்கியது. கிராமத்து நாயையும் தோட்டத்து நாயையும் தேடிச்சென்று ஊசி போட முடியும் என்பதை அந்த முயற்சியே நிரூபித்துவிட்டது. நீர்வெறுப்பு ஊசி போடும் அதே முகாமில் குட்டிகளின் வயதைப் பதிந்து, பார்வோ ஊசிக்குரிய தேதிகளை எழுதிக்கொடுக்கப் பெரிய செலவு வேண்டியதில்லை. வைரசைக் கொல்லும் மருந்து இன்றும் பரவலான பயன்பாட்டில் இல்லை. சேலைனும் வாந்தியை நிறுத்தும் மருந்தும் கவனமான பராமரிப்பும் பெரும்பாலான குட்டிகளைக் காப்பாற்றும், ஆனால் அதற்கு ஆகும் பணம் தடுப்பூசியின் விலையைவிடப் பன்மடங்கு. குட்டி வளர்ப்பவர்கள் பிறந்த தேதியைக் குறித்துவைத்து, பதினாறு வாரம் கடந்தபின் போடும் ஊசியை மட்டும் எக்காரணம் கொண்டும் தவறவிடாதிருக்க வேண்டும்.