அரூரில் தீயணைப்புத் தன்னார்வலர் ஆகணுமா? வண்டி வர்றதுக்கு முன்னாடி இருக்கிற நிமிஷங்கள்தான் உங்க ஏரியா!

ஹாலிவுட் படங்கள்ல பார்த்திருப்பீங்க. சின்ன ஊர், சைரன் சத்தம். சலூன்காரர் பாதி வெட்டிய முடியை அப்படியே விட்டுட்டு ஓடுவார், பள்ளிக்கூட வாத்தியார் சாக்பீஸைப் போட்டுட்டு ஓடுவார். ரெண்டு பேரும் அடுத்த காட்சியில் தீயணைப்பு வண்டியில் தொங்கிக்கிட்டு இருப்பாங்க. இது சினிமாக் கற்பனை இல்லை. அமெரிக்காவில் தீயணைப்பு வீரர்களில் பெரும்பகுதி தன்னார்வலர்கள்தான். ஜெர்மனியில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இப்படி இருக்கிறார்கள். சிலி நாட்டில் இன்னும் ஒருபடி மேல். 1851-ல் வால்பரைசோ துறைமுக நகரத்தில் தொடங்கிய வழக்கம், இன்றைக்கும் தலைநகர் சான்டியாகோ வரை தீயணைப்பது சம்பளம் வாங்காத மக்கள்தான். சம்பளம் இல்லாதது மட்டுமில்லை, உறுப்பினர் சந்தாவையும் அவர்களே கட்டுகிறார்கள்!

நம்ம ஊர் கதை வேற. தமிழ்நாட்டில் சிவப்பு வண்டியில் ஏறுகிறவர்கள் தேர்வெழுதி வேலைக்கு வந்த அரசுப் பணியாளர்கள். அப்போ அரூர் மாதிரி ஒரு ஊரில் இருக்கிற காலேஜ் பையனோ, மொபைல் கடை வைத்திருக்கிறவரோ, பண்ணையம் பார்க்கிற அக்காவோ இதில் என்ன செய்ய முடியும்? நிறைய செய்யலாம். ஆனா எங்கே தொடங்கி, எங்கே நிறுத்தணும்னு தெரிஞ்சிருக்கணும்.

அரூரில் தீயணைப்பு நிலையம் இருக்கிறது. ஆனால், தாலுகா பெரிசு. ஒரு பக்கம் தீர்த்தமலை, இன்னொரு பக்கம் சித்தேரி மலை. வண்டி எவ்வளவு வேகமாகக் கிளம்பினாலும், வளைவுகளில் ஏறி மலைக்கிராமத்துக்குப் போய்ச் சேர நேரம் பிடிக்கும். கூரை வீடு அவ்வளவு நேரம் காத்திருக்காது. அந்த இடைவெளியில் பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தண்ணீர்க் கணக்கையும் பாருங்க. வழக்கமான தீயணைப்பு வண்டியின் கொள்ளளவு சுமார் 4,500 லிட்டர். ஒரு குழாயில் நிமிஷத்துக்கு 450 லிட்டர் போனால், பத்தே நிமிஷத்தில் டேங்க் காலி. கரும்புத் தோட்டமோ, பெரிய வைக்கோல் போரோ அந்த பத்து நிமிஷத்தில் அணையாது. அடுத்த டேங்க் எங்கே நிரப்புவது? யார் கிணற்றில் தண்ணி இருக்கு, எந்த மோட்டார் ஓடுது, வண்டி போற அளவுக்கு வண்டித்தடம் இருக்கா, கேட் சாவி யார்கிட்ட? கூகுள் மேப்புக்கு இது தெரியாது. ஊர்க்காரருக்குத் தெரியும். என்னைக் கேட்டால், அரூர் பக்கத்துக்குத் தேவையான முதல் தன்னார்வலர் தீயில் குதிக்கிற ஹீரோ இல்லை. இந்தத் தகவலை விரல் நுனியில் வைத்துக்கொண்டு ரோட்டு முனையில் டார்ச் அடித்து வழிகாட்டுகிறவர்தான்.

போன் பண்ணுவதிலும் இதே விஷயம்தான். 101 அல்லது 112. பதற்றத்தில் ஊர்ப் பேரை மட்டும் சொல்லிட்டு கட் பண்ணிடுவோம். ‘பட்டி’யில் முடிகிற ஊர்கள் இங்கே எத்தனை! எந்த ரோடு, எந்தக் கோயில் அல்லது டேங்க் பக்கம், எரிவது என்ன, உள்ளே ஆள் இருக்காங்களா, மேலே மின்கம்பி போகுதா... இதையெல்லாம் சொல்லணும். வைக்கோல் ஏற்றிய டிராக்டர் மின்கம்பியில் உரசித் தீப்பிடிப்பது நம்ம பக்கம் அடிக்கடி கேள்விப்படுகிற ஒன்று. கரன்ட் நிற்கும்வரை தண்ணீர் ஊற்றவே கூடாது. டிரான்ஸ்ஃபார்மரில் நீங்களே ஏறி ஃபியூஸ் பிடுங்குகிற வேலையும் வேண்டாம். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987, 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

கிணறு... இங்கேதான் உயிர் போகுது

தீயணைப்பு வீரர்னா தீ மட்டும் இல்லை. துறையின் பெயரே ‘தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை’. கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் நுழைந்த பாம்பு, கதண்டு கூடு, சேலம் - அரூர் - ஊத்தங்கரை சாலையில் நொறுங்கிய காருக்குள் சிக்கியவர் என்று எல்லாமே அவர்கள் தலையில்தான்.

இதில் கிணறு தனி ரகம். ரொம்ப நாளாகப் புழங்காத கிணற்றில் கார்பன் டை ஆக்ஸைடு அடியில் தேங்கி நிற்கும். சேறு, அழுகல் இருந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேரும். தூர்வார இறங்கியவர் மயங்கி விழுவார். ‘அய்யோ’ என்று அண்ணன் இறங்குவார், அவரைத் தூக்கத் தம்பி இறங்குவார். ஒரு வீட்டில் ரெண்டு மூணு சாவு இப்படித்தான் நடக்கிறது. விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்கிற பழைய வழக்கம் உண்டு. விளக்கு அணைந்தால் ஆபத்து, சரி. ஆனால், எரிந்தால் பத்திரம் என்று அர்த்தமில்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடை விளக்கு காட்டிக் கொடுக்காது. மீத்தேன் இருந்தால் விளக்கே வினையாகும். மூச்சுக்கருவி மாட்டிய வீரர் வரும்வரை யாரையும் இறங்க விடாமல் பிடித்து நிறுத்துவதுதான் அங்கே தன்னார்வலரின் வேலை. சொந்தக்காரர்கள் திட்டுவார்கள், சட்டையைப் பிடிப்பார்கள். விடாதீங்க.

மலைக்காடு எரிவது இன்னொரு தலைவலி. பிப்ரவரி முதல் மே வரை காய்ந்த புல்லும் உண்ணிச்செடிப் புதரும் எப்போது பற்றும் என்று சொல்ல முடியாது. 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். அன்றைக்கு வழி தெரிந்து காயம்பட்டவர்களைத் தூக்கி இறக்க ஊர்மக்கள்தான் கைகொடுத்தார்கள். சித்தேரிக்கும் அதே பாடம் பொருந்தும். தீ மேட்டை நோக்கி வேகமாக ஏறும் என்பதால், எரிகிற சரிவுக்கு மேலே நிற்கவே கூடாது. பாலியஸ்டர் சட்டை உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும், பருத்திதான் உடுத்தணும். இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகக் காட்டுத்தீயைக் கவனித்து எச்சரிக்கை அனுப்புகிறது. அதன் தளத்தில் பொதுமக்களும் பதிவு செய்துகொள்ளலாம். போன் சும்மாதானே கையில் இருக்கு! தீ தெரிந்தால் அரூர் வனக்கோட்ட அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அவர்கள் கூப்பிடாமல் தனியாக மட்டையோடு காட்டுக்குள் கிளம்பாதீர்கள்.

சரி, எங்கே சேருவது?

பக்கத்து மாநிலத்தில் வழி போட்டுவிட்டார்கள். 2018 வெள்ளத்தில் மீனவர்களும் இளைஞர்களும் செய்த வேலையைப் பார்த்த கேரளா, 2019-ல் தன் தீயணைப்புத் துறையின் கீழேயே குடிமைப் பாதுகாப்புப் படை அமைக்க முடிவெடுத்தது. 124 நிலையங்கள், நிலையத்துக்கு 50 பேர், மொத்தம் 6,200 தன்னார்வலர்கள். 2024-ல் வயநாடு நிலச்சரிவில் இவர்களும் களத்தில் நின்றார்கள். அரூர் நிலையத்தோடும் இப்படி 50 பேர் சேர்ந்து நின்றால் எப்படி இருக்கும்? எனக்கு அது அதிகப்படியான ஆசையாகத் தெரியவில்லை.

நமக்கு இப்போது உள்ள வாசல்களில் முக்கியமானது, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘ஆப்த மித்ரா’. 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் பேருக்கு 12 நாள் பயிற்சி, மீட்புக் கருவிப் பை, காப்பீடு என்று போட்ட திட்டம் அது. அடுத்து வந்த ‘யுவ ஆப்த மித்ரா’, என்.சி.சி., என்.எஸ்.எஸ். மாணவர்களைக் குறிவைக்கிறது. உங்க மாவட்டத்தில் அடுத்த பயிற்சி எப்போது என்று கலெக்டர் அலுவலகப் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் கேட்கலாம். இன்னொரு வாசல் ஊர்க்காவல் படை; அது மாவட்டக் காவல்துறை வழியாக. காப்பீடு இருக்கிற இடத்தில் சேருவது நல்லது. ஆர்வத்தில் நாலு பேர் டி-ஷர்ட் அடித்துக் குழு தொடங்கி, ஒருவருக்கு அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவை யார் பார்ப்பார்கள்?

இதையே வேலையாக்க நினைக்கிறவர்களுக்கு, சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வோடு சேர்ந்தே தீயணைப்பாளர் தேர்வும் வரும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். 1,500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓடணும், கயிறு ஏறணும். காலையில் மைதானத்தில் ஓடுகிற பசங்களுக்கு இது புதுசில்லை.

எதிலும் சேராமல் இன்றைக்கே தொடங்கணும்னா, ஏப்ரல் 14 முதல் 20 வரை வரும் தீத்தொண்டு வாரத்துக்காகக் காத்திருங்கள். 1944 ஏப்ரல் 14-ல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடித்த ‘ஃபோர்ட் ஸ்டிக்கின்’ கப்பலின் தீயை அணைக்கப் போய் உயிர்விட்ட வீரர்களின் நினைவாக நடப்பது அது. பஸ் ஸ்டாண்டு, பள்ளி, ஆஸ்பத்திரி என்று செய்முறை காட்டுவார்கள். வேடிக்கை பார்த்து ரீல்ஸ் எடுப்பதோடு நிற்காமல், ‘நான் ஒரு தடவை செய்யட்டுமா சார்?’ என்று கேளுங்கள். எரிகிற சிலிண்டர் மேல் ஈரச்சாக்கைப் போர்த்தி ரெகுலேட்டரை மூடுவதை ஒருமுறை கையால் செய்துவிட்டால், வீட்டில் நிஜமாக நடக்கும்போது கை நடுங்காது. தீயணைப்பானின் ஊசியைப் பிடுங்கி, ஜுவாலையின் உச்சியில் இல்லாமல் அடியில் அடிக்கணும் என்பதும் அப்படித்தான் பழகும். வீட்டுக்கு வைக்கிற சின்ன சிலிண்டர் சில விநாடிகளில் தீர்ந்துவிடும். குறி தப்பினால் இன்னொன்று இருக்காது.

ஏப்ரல் வரை பொறுமை இல்லையா? கையில் ஒரு நோட்டோடு உங்க தெருவையும் சுற்றியுள்ள காட்டையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்றி வாருங்கள். தண்ணி உள்ள கிணறுகள், மோட்டார்காரர்களின் போன் நம்பர், லாரி நுழையாத சந்துகள், தனியாக இருக்கிற வயசானவர்கள், மூடாமல் கிடக்கிற ஆழ்துளைக் குழிகள். எழுதி முடித்ததும் ஒரு காப்பியை நிலைய அலுவலரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். மூடாத குழியை மட்டும் அன்றைக்கே மூட வையுங்கள்.