தேவாலாவில் ஒரு காலணா

கோயமுத்தூரில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டுவது அவர் தொழில். ஓய்ந்த நேரத்தில் ஏதாவது ஒரு விசித்திரக் கருவியைச் செய்து பார்ப்பது பொழுதுபோக்கு. சென்ற மாசி மாதம் ஒரு நாள் டெலிபோனில் கூப்பிட்டார்.

"மண்ணுக்குள்ளே கிடக்கிற உலோகத்தைக் கண்டுபிடிக்கிற மெஷின் ஒண்ணு பண்ணி வெச்சிருக்கேனுங்க. தேவாலாவுக்குப் போலாங்களா?"

தேவாலா என்ற பெயரை அவர் என்னிடமிருந்துதான் பிடித்துக்கொண்டார். நீலகிரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் ஒரு தங்க நகரம் எழுந்து, இரண்டு மூன்று வருஷத்தில் அடங்கிப்போன கதையை எப்போதோ அவரிடம் சொல்லியிருந்தேன். கதை சொல்கிறவனுக்கு இதுதான் ஆபத்து. கேட்கிறவர்களில் யாராவது ஒருவர் மண்வெட்டியோடு கிளம்பிவிடுகிறார்.

கிளம்புமுன் சட்டத்தைப் பார்த்துக்கொண்டோம். மண்ணுக்குள் மறைந்து கிடக்கும் பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால், கண்டெடுத்தவன் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் சொல்லுகிறது. ரிசர்வ் காட்டில் தோண்டுவது வேறு குற்றம். ஆகவே, தெரிந்தவர் ஒருவரின் சிறிய தேயிலைத் தோட்டத்தில், அவர் அனுமதியோடு, ஒரு முழ ஆழத்துக்கு மேல் தோண்டுவதில்லை என்று ஒப்பந்தம். நண்பருக்கு அதில் வருத்தந்தான். "தங்கம் ஒரு முழத்திலேயா இருக்கப்போகுது?" என்றார்.

கூடலூரைத் தாண்டி, நிலம்பூர்ப் பள்ளத்தாக்கைக் காட்டும் நாடுகாணி வழியாகப் போனால் தேவாலா வருகிறது. அதற்கும் அப்பால் பந்தலூர். மழைக்குப் பேர்போன சீமை. நாங்கள் போனபோது வெயில் காய்ந்தது. தேயிலைச் செடிகளும் சில்வர் ஓக் மரங்களும் கடைவீதியும் பஸ் ஸ்டாண்டும் பார்த்தால், இங்கே ஒரு காலத்தில் லண்டனின் பணம் வந்து கொட்டியது என்று யாரும் நம்பமாட்டார்கள்.

ஆனால் கொட்டியது உண்மை. இந்த மலைகளில் தங்கம் இருப்பது குறும்பர்களுக்கும் பணியர்களுக்கும் நெடுங்காலமாகத் தெரியும். ஓடையோரத்து மண்ணை மரத் தட்டில் அள்ளி, நீரில் சுழற்றி, அடியில் தங்கும் பொடியைச் சேர்ப்பார்கள். சேர்த்த பொடியில் பெரும் பங்கு நிலத்துக்கு உடையவர்களுக்குப் போய்விடும். 1831-இல் கும்பினி அரசாங்கம் நிக்கல்ஸன் என்ற லெப்டினன்டை அனுப்பி இதை ஆராயச் செய்தது. அப்போது பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு காப்பி வந்தது. காடுகளை வெட்டிக் காப்பி போட்டார்கள். 1869-இல் இலங்கையில் தலைகாட்டிய இலைநோய் சீக்கிரமே இங்கும் பரவியது. தண்டு துளைப்பான் பூச்சி ஏற்கெனவே இருந்தது. கடனில் மூழ்கிய தோட்டக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்ற வேளையில், ஆஸ்திரேலியாவில் சுரங்க இலாகாவை நடத்திய ப்ரௌ ஸ்மித் என்பவரை அரசாங்கம் தருவித்தது. தென்கிழக்கு வயநாட்டின் தங்கத்தைப் பற்றி அவர் எழுதிய அறிக்கை 1880-இல் வெளியாயிற்று. அதில் நம்பிக்கை நிறைய இருந்தது. லண்டனில் அந்த நம்பிக்கை பங்குப் பத்திரமாக மாறியது. முப்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. அவை காகிதத்தில் எழுதிக்கொண்ட மூலதனம் நாற்பது லட்சம் ஸ்டெர்லிங்கைத் தாண்டியது. நோய் விழுந்த காப்பித் தோட்டங்கள் தங்க வயல் என்ற பெயரில் எவரும் நினையாத விலைக்குக் கைமாறின. காப்பி தராத லாபத்தைக் காப்பிச் செடியின் வேர் தந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

கல்லை உடைக்கும் இரும்பு உலக்கைகளும் கொதிகலன்களும் கப்பலேறி வந்து மலைப்பாதையில் இழுபட்டன. காட்டுக்கு நடுவே வீடுகளும் கடைகளும் எழுந்தன. அப்புறம் கல்லை உடைத்துப் பார்த்தார்கள். பல இடங்களில் ஒரு டன் வெள்ளைக் கல்லில் ஒரு பவுன் எடைகூடத் தேறவில்லை. 1883-க்குள் ஆட்டம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அதே 1880-இல் தொடங்கிய கோலார்க் கம்பெனியும் மூட இருந்ததுதான். கடைசி முயற்சியில் அங்கே நல்ல பாளம் அகப்பட்டது. அதனால் 2001 பிப்ரவரி 28 வரை அந்தச் சுரங்கங்கள் ஓடின. வட ஆர்க்காட்டுத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கினார்கள். தேவாலாவுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. அந்தத் துன்பமும் இல்லை.

இனி நண்பரின் கருவி. அடியில் தாம்பாளம் போன்ற ஒரு வட்டம். அதற்குள் தாமிரக் கம்பிச் சுருள். அதில் மாறுமின்சாரம் ஓடும்போது சுற்றிலும் காந்தப் புலம் உண்டாகிறது. கீழே உலோகம் இருந்தால் அதற்குள்ளும் சிறு மின்னோட்டம் எழுந்து புலத்தைக் குலைக்கிறது. காதில் மாட்டியிருக்கும் குழாய் கூவுகிறது. டெலிபோன் கண்ட கிரஹாம் பெல் 1881-இல் இப்படி ஒரு கருவி செய்தார். சுடப்பட்டுக் கிடந்த அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டின் உடம்பில் குண்டு எங்கே இருக்கிறது என்று தேடுவதற்காக. குண்டு அகப்படவில்லை. படுக்கைக்கு அடியில் இருந்த எஃகுக் கம்பிச் சுருள்கள் கருவியைக் குழப்பிவிட்டனவாம். ஜனாதிபதி செப்டம்பரில் இறந்தார். லண்டனில் வயநாட்டுப் பங்குகள் கைமாறிக்கொண்டிருந்த அதே வருஷம் அது. தேடும் பொருளை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பதைக் காட்டும் குணம் இந்தக் கருவிக்குப் பிறப்பிலேயே உண்டு.

எங்களுக்கும் அதையேதான் செய்தது. காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினோம். முதல் கூவலுக்கு ஓர் ஆணி. இரண்டாவதற்கும் ஆணி. அப்புறம் பாதி தேய்ந்த ஒரு மாட்டு லாடம், இற்றுப்போன தகரம், எதன் கை என்று தெரியாத ஓர் இரும்புப் பட்டை, நேற்றுத்தான் யாரோ குடித்து எறிந்த பீர் டப்பா. தோட்டத்து விளிம்பில் ஒரு பழைய சுரங்க வாய் இருந்தது. பெரணி மூடிய இருட்டு. அதன் பக்கத்தில் கிடந்த வெள்ளைக் கற்களின் மேல் நண்பர் கருவியை நெடுநேரம் ஆட்டினார். மௌனம்.

"கல்லுக்குள்ளே தங்கம் இருந்தாலும் கூவாதுங்க. பொடிப்பொடியா இருந்தா இதுக்குத் தெரியாது" என்றார் சற்று வெட்கத்தோடு.

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு நின்றுவிட்டது. இப்படிப்பட்ட சுரங்க வாய்களுக்குள் இன்னும் ஏழை மனிதர்கள் திருட்டுத்தனமாகத் தவழ்ந்து போகிறார்கள். மூச்சு முட்டியும் மண் சரிந்தும் செத்தவர்களைப் பற்றிய செய்தியைப் பத்திரிகையில் பார்த்திருக்கிறேன். கம்பெனிகள் போய்விட்டன, அவர்கள் எழுதிய நம்பிக்கை மட்டும் போகவில்லை.

இன்னொன்றும் மனசில் பட்டது. கருவி கூவிய இடத்தில் எல்லாம் கம்பெனியின் இரும்பு. இவர்களுக்கு முன்னால் தங்கம் அரித்தவர்களின் தட்டு மரம். அது மண்ணோடு மண்ணாகிவிட்டது. பாரம் சுமந்தவர்களிடம் உலோகம் என்று சொல்ல என்ன இருந்திருக்கும்? தேவாலாவின் சரித்திரத்தை இந்தக் கருவியை வைத்து எழுதினால், அதில் அவர்கள் இருந்ததாகவே தெரியாது. நாம் படிக்கிற சரித்திரங்கள் பலவும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

பகலுக்கு மேல், சுரங்க வாயிலிருந்து இறங்கும் ஒற்றையடிப் பாதையில் கருவி மெல்லியதாகக் கூவியது. நாலு விரல் ஆழத்தில் ஒரு காசு. எச்சிலைத் தொட்டுத் துடைத்ததும் விக்டோரியா ராணியின் கிரீடம் தெரிந்தது. செப்புக் காலணா. வருஷம் தேய்ந்திருந்தது.

நண்பர் உடனே கணக்குப் போட்டார். "ரூபாய்க்கு அறுபத்துநாலு காலணா. பத்து ரூபாய்க்கு அறுநூத்து நாப்பது. நம்மகிட்ட ஒண்ணுதானுங்க இருக்கு. கலெக்டருக்கு எழுத வேண்டியதில்லை."

"பழங்காசுக் கடையில் இதற்குப் பத்து ரூபாய்க்கு மேல் கொடுப்பார்களே?"

அவர் தலையைச் சொறிந்தார்.

தோட்டத்தில் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் இவ்வளவு நேரமும் எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பம். பத்து வயதுப் பையனாக இந்த மலைக்கு வந்தவர். அவரைப் போன்றவர்களுக்காகத்தான் அரசாங்கம் 1968 முதல் இங்கே தேயிலைத் தோட்டம் போட்டது.

"எங்க பாட்டனைக் கண்டிக்குக் கூட்டிப்போறப்ப என்ன சொன்னாங்க தெரியுங்களா ஐயா?" என்றார். "செடித் தூரைத் தோண்டினா தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும்னு கங்காணி சொன்னானாம். பாட்டன் நம்பிக்கிட்டுப் போயிருக்காரு."

லண்டனில் பங்கு வாங்கியவர்களுக்குச் சொன்ன கதையும் அதுதான் என்று அவருக்கு விளக்க நினைத்தேன். விளக்கவில்லை. அவர்கள் இழந்தது கைப்பணம். இவர் பாட்டன் இழந்தது ஊர்.

காசை அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரோ ஒருத்தரோட கூலிங்க. மடியிலேருந்து விழுந்திருக்கும். ராத்திரி லாந்தரை வெச்சுக்கிட்டுத் தேடியிருப்பாங்க, பாவம்."

நானும் நண்பரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காலையிலிருந்து அகப்பட்டவற்றில் கம்பெனிக்குச் சொந்தமில்லாத ஒரே பொருள் அது. தங்கம் தேடி வந்த இடத்தில், தேடித் தேடிக் கிடைக்காமல் ஒருவர் விட்டுப்போனது.

பெரியவர் எங்களைக் கேட்கவில்லை. குனிந்து, காசை அந்தக் குழியிலேயே வைத்து, மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்தார். நாங்களும் தடுக்கவில்லை.

புறப்படுமுன் நண்பர் இன்னொரு முறை கருவியை அந்த இடத்தின் மேல் பிடித்தார். கூவியது.