அறுத்த தழைக்கு நேரம் இல்லை

போன வருஷம் எங்கள் டீமுக்கு ஒரு வேலை வந்தது. வெளிநாட்டுக்கு ஜீன்ஸ் துணி அனுப்பும் ஒரு கம்பெனிக்கு ஸ்டாக் மென்பொருள். துணியில் தொங்கும் அட்டையில் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால், அந்த நீலம் எந்த நிலத்திலிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். செயற்கைச் சாயம் கிடையாது, அவுரிச் செடியிலிருந்து எடுத்த நீலம். டெஸ்டிங்குக்குத் தந்த வரைபடத்தில் பல புள்ளிகள் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே விழுந்தன. என் அம்மாவின் ஊர்ப் பக்கம்.

மாமாவுக்கு போன் போட்டேன். "நம்ம ஊர்ல அவுரி போடுறாங்களாமே மாமா?"

"நானே ஒன்றரை ஏக்கர் போட்டிருக்கேன் மாப்ள. இது தெரியாதா உனக்கு?"

தெரியாது. அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

அவுரியில் நீலம் எடுப்பதை முதன்முறையாகப் பார்ப்பவருக்கு அது மாயம் மாதிரிதான் இருக்கும். பச்சைத் தழையைக் கட்டுக்கட்டாகத் தொட்டியில் அடுக்கி, மேலே கட்டையும் கல்லும் பாரம் வைத்து, தண்ணீர் விட்டு ஓர் இரவு ஊற வைக்கிறார்கள். காலையில் மஞ்சள் கலந்த பச்சைத் தண்ணீரைக் கீழ்த்தொட்டிக்குத் திறந்துவிடுகிறார்கள். ஆட்கள் அதில் இறங்கி, மணிக்கணக்கில் காலால் உதைத்துக் கலக்குகிறார்கள். இலையிலிருந்து கரைந்த இண்டாக்சில் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரச் சேர நுரை நீலமாகிறது. அடியில் படிந்த வண்டலைக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, அழுத்தி, வில்லைகளாக வெட்டி நிழலில் உலர்த்துகிறார்கள். நூற்றுக்கணக்கான கிலோ தழைக்கு ஒன்றிரண்டு கிலோ நீலம் தேறும். நாற்றம் சட்டையோடு வீடு வரைக்கும் வந்தது.

"விலை யார் மாமா சொல்றது?"

"தொட்டிக்காரர்தான். அறுத்த தழை அன்னைக்கே தொட்டிக்குப் போயிடணும். ராத்திரி தங்கினா சாயம் எறங்கிடும். கையில வச்சிக்கிட்டு பேரமா பேச முடியும்? மல்லாட்டைன்னா மூட்டை கட்டி வூட்ல போட்டுட்டு, விலை வரும்போது விக்கலாம்."

எங்கள் துறையில் இதை 'பெரிஷபிள் ஸ்டாக்' என்போம். அழுகும் சரக்கை வைத்திருப்பவனுக்கு நேரம் எதிரி, அதை வாங்குபவனுக்கு நேரம் கூட்டாளி. மாமா சொன்னதற்குப் பிறகுதான் அவுரியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

படித்ததில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது ஒரு பழைய தொழில்நுட்பம். சோழமண்டலக் கரையில் காய்ந்த இலையிலிருந்தே நீலம் எடுக்கும் முறை இருந்தது. செடியை அறுத்து வெயிலில் காய வைத்து, அடித்து இலையைப் பிரித்து, ஈரம் படாத இடத்தில் இறுக்கிச் சேமிப்பார்கள். சுமார் ஒரு மாதத்தில் பச்சை இலை ஈய நிறத்துக்கு மாறும். அப்போது ஊற வைத்தால் ஓர் இரவு வேண்டாம், இரண்டு மணி நேரம் போதும். அதையும் தாண்டி வைத்தால் இலை கறுத்து வீணாகும். அதாவது சரக்குக்குக் காலாவதித் தேதி உண்டு, ஆனால் அந்தத் தேதிக்கு முன்னால் ஒரு மாதம் அவகாசமும் உண்டு. பச்சை இலை முறையில் கிடைப்பது சில மணி நேரம்தான்.

வங்காளத்தில் நடந்தது பச்சை இலை முறை. ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் முன்பணம் கொடுத்து விவசாயியை அவுரி போட வைத்தார்கள். அந்தக் கடன் அடையவே அடையாது. 1859இல் விவசாயிகள் விதைக்க மறுத்துக் கிளர்ந்தார்கள். 1860இல் அரசு விசாரணைக் குழு அமைத்தது. பிகாரின் சம்பாரணில் அது 'தீன்கதியா' என்ற பெயரில் தொடர்ந்தது: 20 கட்டா நிலத்தில் 3 கட்டா கட்டாயம் அவுரிக்கு. சென்னை மாகாணத்தில் தென்னாற்காடு, வடாற்காடு, கடப்பை மாவட்டங்களில் அவுரி பெரிய பயிராக இருந்தும், பெருமளவு உள்ளூர்க்காரர்கள் கையில்தான் இருந்தது. இலையைக் காய வைக்க முடிந்ததால்தான் இங்கே அந்தக் கொடுமை நடக்கவில்லை என்று ஒரே வரியில் முடிக்க மாட்டேன். நிலவுரிமை, கடன், போலீஸ், கோர்ட் எல்லாம் அதில் உண்டு. ஆனால் காத்திருக்க முடிந்தவனை மிரட்டுவது கொஞ்சம் கஷ்டம்.

அதற்காக நம் ஊர் நீலம் சுத்தம் என்றும் சொல்ல முடியாது. விழுப்புரத்திலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் புதுச்சேரி. அங்கே அவுரியில் தோய்த்த 'கினி' என்ற நீலத்துணியைப் பிரெஞ்சு வணிகர்கள் கப்பலில் ஏற்றினார்கள். செனகல் நதிக்கரையில் பிசின் வாங்க அந்தத் துணிதான் பணம் மாதிரி செல்லுபடியானது. 18ஆம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்காவில் அடிமைகளாக மனிதர்களை வாங்கவும் இந்தியத் துணிகளைக் கொடுத்தார்கள். நம் ஸ்கேன் எப்போதும் பின்னோக்கி, நிலத்தை மட்டுமே காட்டுகிறது. சரக்கு முன்னோக்கிப் போய் எதற்கு விலையானது என்று காட்டும் கியூஆர் கோடு இன்னும் வரவில்லை.

1897இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. விலை சரிந்தது. சம்பாரண் தோட்டக்காரர்கள் செய்ததுதான் பாடம்: அவுரி போடும் கட்டாயத்திலிருந்து 'விடுதலை' தருகிறோம் என்று சொல்லி, அதற்கு ஈடாக விவசாயிகளின் குத்தகையை உயர்த்தினார்கள், இல்லையென்றால் மொத்தமாகப் பணம் பிடுங்கினார்கள். ஜெர்மன் ஆய்வகம் உண்டாக்கிய நஷ்டம் பிகார் விவசாயியின் கணக்கில் எழுதப்பட்டது. 1917இல் காந்தி அங்கே போனபோது கேட்ட வாக்குமூலங்களில் இதுவும் இருந்தது. 1918இல் சட்டம் வந்து தீன்கதியாவை ஒழித்தது.

நம் பக்கம் மல்லாட்டை பரவியது. திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமே வந்தது. இந்தியா முழுக்க விதைத்த 'டிஎம்வி' ரக நிலக்கடலையின் முதல் எழுத்துகள் திண்டிவனத்தைத்தான் குறிக்கின்றன. அவுரி பெயர்களில் தங்கியது. நாகப்பட்டினத்தில் ஆர்ப்பாட்டங்கள் நடக்கும் இடத்துக்குப் பெயர் அவுரித்திடல்.

இப்போது அதே அவுரி 'நெறிமுறைக் கொள்முதல்' என்ற அட்டையோடு திரும்பியிருக்கிறது. இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அனிலினிலிருந்து செய்யும் நீலத்தைவிட, மண்ணுக்குத் தழைச்சத்து தரும் ஒரு பயிர் நல்லதுதான். மாமாவும் அதனால்தான் போடுகிறார். அதே சமயம், ஊசித்தகரை விதையும் சுண்ணாம்பும் சேர்த்து நொதிக்கவைத்த பழைய சாயத்தாழியை விட்டுவிட்டு ஹைட்ரோசல்ஃபைட்டில் தோய்த்தால், செடி சுத்தமாக இருந்தும் கழிவுநீர் சுத்தமாக இருக்காது. அதையும் அட்டை சொல்லாது.

எங்கள் டேட்டாபேஸில் விவசாயி பெயர், சர்வே எண், அறுவடைத் தேதி, லாட் எண் இருந்தன. ஊரிலிருந்து திரும்பியதும் இரண்டு காலம் சேர்க்கச் சொன்னேன்: விலை பேசிய தேதி, பணம் கொடுத்த தேதி. முதல் தேதி அறுவடைக்கு முன்னால் இருந்தால் விவசாயி பேரம் பேசியிருக்கிறார். பின்னால் இருந்தால் வேறு வழியில்லாமல் கொடுத்திருக்கிறார். வேறு ஆடிட்டே தேவையில்லை.

"கிளையண்ட் கேட்கலையே" என்றார் மேனேஜர். ஸ்கோப்பில் இல்லை என்று டிக்கெட்டை மூடிவிட்டார்கள்.

மாமாவிடம் சொன்னேன். சிரித்தார். "அடுத்த பட்டம் அரை ஏக்கர்ல மல்லாட்டை போட்டுக்கிறேன் மாப்ள. அதுக்கு உன் கம்ப்யூட்டர் வேணாம்."