வீட்டுச் சுவரைக் கழுவுவதற்கு முன்னால்



கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் ஆரம்பித்துவிட்டார் என்று ஓடிவிடாதீர்கள். சொந்தங்கள் கட்டாயம் படிக்கவும், ஏனென்றால் இது நம் ஊர் வீட்டைப் பற்றியது.

மாசியில் தம்பி மகள் கல்யாணம். பெண்ணழைப்பு ஊர் வீட்டில்தான் என்று முடிவாகிவிட்டது. இந்த வருஷ மழையில் முன்பக்கச் சுவரும் கைப்பிடிச் சுவரும் கன்னங்கரேல் என்று பாசி பிடித்துக் கிடக்கின்றன. தம்பி கோயம்புத்தூரிலிருந்து காரில் ஒரு பிரஷர் வாஷர் மெஷினோடு வந்து இறங்கினான். "அக்கா, ஒரே நாள்ல பளிச்சுனு ஆக்கிடறேன் பாரு" என்றான். நான் வேண்டாம் என்றேன். "நீ உன் ஆசிட் கதையைச் சொல்லியே எல்லாத்தையும் தடுப்பே" என்று கோபித்துக்கொண்டான்.

அந்த ஆசிட் கதை உங்களில் பலருக்குத் தெரியாது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்பா காலமான பிறகு வீட்டைச் சரிபண்ணும் பொறுப்பு என்னிடம் வந்தது. திண்ணைத் தூண்கள் தாத்தா காலத்துச் சுண்ணாம்புக் காரை. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் காரையைக் குழைத்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றியது. வேலைக்கு வந்தவர், பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றித் தேய்த்தால் கறையெல்லாம் போய்விடும் என்றார். சரி என்று தலையாட்டியது நான்தான். ஊற்றியதும் தூண் முழுக்க நுரை பொங்கியது. அழுக்கு எப்படிக் கிளம்புகிறது பாருங்கள் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் பெருமையாகக் காட்டினேன்.

ஐந்தாம் வகுப்பில் முட்டை ஓட்டை வினிகரில் போட்டு, குமிழி வருவதை உங்களுக்குக் காட்டியவள் நான். முட்டை ஓடும் சுண்ணாம்புச் சுவரும் ஒரே பொருள், கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் கரைந்து கார்பன் டை ஆக்சைடு வரும். அன்றைக்குப் பொங்கியது அழுக்கு அல்ல, தூண். காய்ந்தபின் தொட்டால் விபூதி மாதிரி கையில் ஒட்டியது. அதை மறைக்கச் சிமெண்ட் பூசினோம். சிமெண்ட், உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாது. நான்கைந்து மழைக்காலத்துக்குப் பிறகு சிமெண்ட் பாளமாக விழுந்தது, செங்கல்லின் முகத்தையும் பிடுங்கிக்கொண்டு.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். உலகத்தில் நான் ஒருத்திதான் முட்டாள் இல்லை என்று தெரிந்ததில் ஒரு சின்ன ஆறுதல்.

நம் தாத்தா பாட்டிகள் சுவரைக் கழுவவே இல்லை, யோசித்துப் பாருங்கள். தென்னந்துடைப்பத்தால் ஒட்டடையும் தூசியும் தட்டுவார்கள். பொங்கலுக்கு முன்னால் சுண்ணாம்பு அடிப்பார்கள். அவ்வளவுதான். கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பானையில் போட்டுத் தண்ணீர் விட்டால் கொதகொதவென்று கொதிக்கும். பிள்ளைகளைக் கிட்டே விடமாட்டார்கள், கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும். வடிகட்டிக் கொஞ்சம் நீலம் கலந்து மட்டையால் அடிப்பார்கள். அடித்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. மழையும் வெயிலும் அந்த மேல் ஏட்டைத்தான் தின்னும், உள்சுவரைத் தொடாது. அடுத்த பொங்கலுக்கு இன்னொரு ஏடு. சுண்ணாம்புக்குக் காரத்தன்மை உண்டு, பாசியும் பூஞ்சையும் சீக்கிரம் அண்டாது. சுத்தம், மருந்து, சட்டை மூன்றும் ஒரே பானையில் இருந்தன. நாம் அதை ஏழை வீட்டு வேலை என்று நினைத்து டிஸ்டெம்பருக்கும் எமல்ஷனுக்கும் மாறினோம்.

இந்த இடத்தில் என் பழைய மாணவர்களிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். அமெரிக்க வெள்ளை மாளிகையை 1814இல் ஆங்கிலேயப் படை எரித்தது, அந்தக் கரியை மறைக்க வெள்ளையடித்தார்கள், அதனால் அந்தப் பெயர் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். தவறு. கட்டிக்கொண்டிருக்கும்போதே, 1798இல், அதற்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். அது வர்ஜீனியாவின் அக்வியா என்ற இடத்து மணற்கல். தண்ணீரை உறிஞ்சும் கல். குளிர்காலத்தில் உறிஞ்சிய தண்ணீர் உறைந்தால் கல் வெடிக்கும். அதைக் காக்கத்தான் சுண்ணாம்பு. நம் பாட்டி செய்ததையேதான் அவர்களும் செய்தார்கள். பிற்பாடு பெயிண்டுக்கு மாறி, ஏடு மேல் ஏடாக ஏறி, சிற்ப வேலைப்பாடு தெரியாமல் போய், 1970களின் கடைசியிலிருந்து அத்தனையையும் உரிக்கும் வேலை வருஷக்கணக்கில் நடந்தது.

ஐரோப்பாவின் தொல்லை வேறு, நிலக்கரிப் புகை. பாரிஸ் நகரில் வீட்டு முகப்பைப் பத்து வருஷத்துக்கு ஒரு முறையாவது சுத்தம் செய்யவேண்டும் என்று 1852லேயே ஆணை போட்டார்கள். ஆனாலும் நூறு வருஷத்தில் நகரமே கரிச்சட்டி ஆகிவிட்டது. 1959இல் பண்பாட்டு அமைச்சரான எழுத்தாளர் ஆந்த்ரே மால்ரோதான் பெரிய கட்டடங்களைக் கழுவச் சொன்னார். பெரும்பாலும் தண்ணீர்தான், வேறு வித்தை இல்லை. கறுப்பே அந்த ஊரின் அழகு என்று சண்டை பிடித்தவர்களும் இருந்தார்கள்!

எல்லோருக்கும் அவ்வளவு பொறுமை இல்லை. 1870இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த பெஞ்சமின் டில்மேன் என்பவர், மணலை வேகமாகப் பீய்ச்சிக் கல்லையும் கண்ணாடியையும் செதுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். செதுக்குவதற்கான கருவி என்பதைக் கவனியுங்கள். அதைத்தான் பிற்காலத்தில் கட்டடம் கழுவ எடுத்துக்கொண்டார்கள். சூளையில் வெந்த செங்கலுக்கு ரொட்டி மாதிரி வெளியே ஒரு கெட்டித் தோல் உண்டு. மணல் அந்தத் தோலை உரித்துவிடும், பிறகு மழைத்தண்ணீர் நேரே உள்ளே இறங்கும். எத்தனையோ பழைய வீடுகள் கெட்டுப்போன பிறகு, அமெரிக்காவின் தேசியப் பூங்காத் துறை 1979இல் மணல் வீச்சின் ஆபத்துகளை விளக்கித் தனி வெளியீடே கொண்டுவந்தது. இருக்கும் முறைகளில் மிகவும் மென்மையானதிலிருந்து தொடங்கு என்பதுதான் அவர்கள் சொல்லும் வழி.

அதே மணல் நம் ஊருக்கும் வந்தது. கும்பாபிஷேகத் திருப்பணி என்றால் கம்ப்ரஸர் சத்தம் கேட்கும் காலம் ஒன்று இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கும் பழைய சுண்ணாம்பும் போய்க் கருங்கல் புதுசு போல வெளுக்கும். கூடவே கல்வெட்டு எழுத்தின் விளிம்பும் சிற்பத்தின் நகக்கண்ணும் மழுங்கும். சோழர் காலத்திலிருந்து வெயிலும் மழையும் அழிக்காத எழுத்தை அரை நாளில் அழிக்க முடிந்தது. வரலாற்று ஆர்வலர்கள் எதிர்த்துப் போராடிய பிறகு கோயில்களில் அதற்குத் தடை வந்தது. அழிந்த எழுத்து அழிந்ததுதான்.

எதைப் பூசுகிறோம் என்பதிலும் இடம் பார்க்க வேண்டும். சுண்ணாம்புச் சுவருக்கு நல்லது செய்யும் அதே வெள்ளைப் பூச்சு, கருங்கல் கோயில்களில் எத்தனையோ கல்வெட்டையும் ஓவியத்தையும் மூடி மறைத்திருக்கிறது.

தாஜ்மகால் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சலவைக்கல் மஞ்சளடித்தபோது, 1990களில் தொல்லியல் துறை கையில் எடுத்தது முல்தானி மட்டியை! நம் பெண்கள் முகத்துக்குப் போடுகிற அதே மண். குழைத்துப் பூசி, காய்ந்ததும் அழுக்கை உறிஞ்சிக்கொண்ட மண்ணை எடுத்துவிட்டு, காய்ச்சி வடித்த தண்ணீரால் கழுவுகிறார்கள். சலவைக்கல்லும் கால்சியம் கார்பனேட்தான், ஆசிட் கிட்டே போகக்கூடாது.

சரி, தம்பியின் மெஷினுக்கு வருவோம். காரின் டயரில் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 2 பார். வீட்டு உபயோக பிரஷர் வாஷர் 100 பாருக்கு மேல் போகும். சிமெண்ட் தரைக்குச் சரி. சுண்ணாம்புக் காரைக்கு அது தண்ணீர் இல்லை, உளி. விரிசல் வழியாக உள்ளே பாய்ந்த தண்ணீர் வெளியே வர எத்தனை நாள் ஆகுமோ.

வாயால் சொன்னால் கேட்கமாட்டான் என்று, கிணற்றடிப் பின்சுவரில் யார் கண்ணிலும் படாத இடத்தில் இரண்டு முழச் சதுரம் கோடு போட்டேன். ஒன்றில் நான் வெறும் தண்ணீரும் தேங்காய் நார் பிரஷும் வைத்துத் தேய்த்தேன். இன்னொன்றில் அவன் மெஷினைப் பிடித்தான், அதுவும் ஒரு கை தூரம் தள்ளி. என் சதுரத்தில் பாசி முக்கால்வாசி போயிற்று, லேசான கறை நின்றது. அவன் சதுரம் வெள்ளையாகத்தான் வந்தது, பிறகு அப்பளம் மாதிரி ஒரு பத்தை கழன்று கிணற்றடியில் விழுந்தது. உள்ளே செங்கல் தெரிந்தது. அவன் மெஷினை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "தாத்தா பூசினதா அக்கா இது?" என்றான்.

இப்போது முடிவு இதுதான். வாசற்படிக் கருங்கல்லும் சிமெண்ட் முற்றமும் தம்பியின் மெஷினுக்கு. சுவர்களுக்கு மழை முழுசாக விட்டு, பாசி வெயிலில் காய்ந்தபின் நார் பிரஷ். பிடிவாதமான இடத்தில் மட்டும் தண்ணீராகக் கரைத்த பிளீச்சிங் பவுடர், உடனே நல்ல தண்ணீர் விட்டு அலசல். (பிளீச்சிங்கோடு ஆசிட் சேர்த்தால் குளோரின் வாயு வரும், மூச்சு அடைக்கும். யாரும் அந்த வேலை செய்யாதீர்கள்.) பொங்கல் கழித்து இரண்டு கை சுண்ணாம்பு. தூண்களின் சிமெண்டைத் தட்டி எடுத்துவிட்டு மறுபடி காரை பூச வேண்டும். அந்தச் செலவு என்னுடையது, யாரும் பங்கு பேச வேண்டாம்.

காரை வேலை தெரிந்த பழைய கொத்தனார் யாராவது நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் இருந்தால் எனக்கு போன் பண்ணுங்கள். நல்ல கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைக்கும் இடமும் வேண்டும். கடையில் வரும் பாக்கெட் பவுடர் வேண்டாம், அதைத் தம்பி ஏற்கெனவே இரண்டு மூட்டை வாங்கி வைத்திருக்கிறான்.