இடாப்பில் ஏறாத பெயர்கள்

உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பெருமை பேசாத தமிழ் மேடை அரிது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஓலை நறுக்குகளிற் பெயர் எழுதிக் குடத்திலிட்டு ஊர்ச்சபையோரைத் தெரிந்த முறை அதில் விரிவாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. பெருமைக்குரிய செய்திதான். ஆயின் மேடைப் பேச்சாளர் அக்கல்வெட்டின் நிபந்தனைகளை வாசித்துக் காட்டுவதில்லை. இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருத்தல் வேண்டும். தன் சொந்த மனையிலே வீடெடுத்து அதில் வாழ்தல் வேண்டும். வயது 35க்கு மேல் 70க்குள் அமைதல் வேண்டும். மறை கற்றிருத்தலும் வேண்டும். அந்த நிலத்தை உழுதவனின் பெயர் குடத்துள் வீழ வழியே இருக்கவில்லை.

இவற்றுள் ‘சொந்த மனை’ என்ற நிபந்தனையை மட்டும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளல் நன்று. ஆயிரம் ஆண்டுகள் கழித்து, சோழரும் அவர்தம் சபைகளும் மறைந்து, தேயிலை வளர்ந்த மலைகளிலே அதே நிபந்தனை வேறோர் ஆடை உடுத்து வந்ததைத்தான் இக்கட்டுரை சொல்லப் போகிறது.

பிரித்தானிய ஆட்சி இலங்கையில் உள்ளூராட்சியைத் தோற்றுவித்தபோது வாக்குரிமையை உடைமையோடு பிணைத்தே கொடுத்தது. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கொழும்பிலும் கண்டியிலும் மாநகர சபைகள் அமைந்தன. 1871 இல் கிராமச் சமுதாயங்களுக்கான சட்டம் வந்தது. நாடு முழுவதற்குமான முதல் தேர்தல் 1911 இல் ‘படித்த இலங்கையர்’ என்ற ஒரேயோர் ஆசனத்துக்கு நடந்தபோது, சேர் பொன்னம்பலம் இராமநாதனைத் தெரிவு செய்யத் தகுதி பெற்றோர் மூவாயிரத்துக்கும் குறைவானவரே. அதே இராமநாதன் பின்னர் சர்வசன வாக்குரிமையை வன்மையாக எதிர்த்தார் என்பதும் மறைக்கத்தக்க செய்தியன்று. அதை வேண்டி நின்றவர் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்கா.

டொனமூர் ஆணைக்குழுவின் முன் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தினர் சாட்சியம் அளித்தபோது, தோட்டங்களில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமா என்று ஆணையாளர் வினவினர். அவர்களும் பெண்கள்தாமே என்ற பொருள்பட உடனே விடையிறுத்தவர் அக்னஸ் டி சில்வா. மேட்டுக்குடியிற் பிறந்தவர் ஒருவரின் வாயிலிருந்து அன்று வந்த அந்த விடையை, அதற்குப் பின் அரச சபையிலும் பாராளுமன்றத்திலும் அமர்ந்த பலரால் சொல்ல முடியவில்லை.

1931 இல் 21 வயது நிறைந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை கிடைத்தது. ஆசியாவில் அதுவே முதன்முறை. யாழ்ப்பாண வாலிப காங்கிரசார் பூரண சுயராச்சியம் இல்லை என்று அத்தேர்தலைப் பகிஷ்கரித்தமையால் வடக்கில் நான்கு ஆசனங்கள் வெறுமையாய்க் கிடந்தமை நம்மவர் அறிந்த கதை. மலையகத்தின் கதையோ வேறு. தோட்டத் தொழிலாளி இலங்கையைத் தன் நிரந்தர வதிவிடமாகக் கொண்டவன் என்பதைக் காட்டவேண்டும். அல்லது எழுத்தறிவும் சொத்தும் காட்டவேண்டும். அல்லது ஐந்தாண்டு வதிவைச் சொல்லி நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் பெறவேண்டும். இத்தனைக்கும் நடுவே 1931 இல் ஏறத்தாழ ஒரு இலட்சமாக இருந்த இந்தியத் தமிழ் வாக்காளர் தொகை 1939 அளவில் இரண்டேகால் இலட்சத்தை எட்டியது. அந்த வளர்ச்சியைக் கண்டு அஞ்சியோர் பலர்.

அச்சம் முதலிற் சட்டமானது பாராளுமன்ற வாக்குரிமையில் அன்று, கிராமச் சங்கத்திலேயாகும். வரலாற்று நூல்கள் இதை ஒரு வரியில் தாண்டிச் செல்வதால் சற்று நின்று பார்ப்பது அவசியம். 1930களின் பிற்பகுதியில் கிராமச் சங்கச் சட்டம் திருத்தப்பட்டபோது, உள்ளூராட்சிக்குப் பொறுப்பான அமைச்சர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா. தோட்டங்களில் வதியும் இந்தியத் தொழிலாளரைக் கிராமச் சங்க வாக்குரிமையிலிருந்து விலக்குவதே முதல் ஏற்பாடு. இந்திய அரசாங்கம் ஆட்சேபித்தது. அதன்பின் சட்டம் ‘நடுநிலை’ ஆக்கப்பட்டது. எங்ஙனமெனில், இனப்பெயர் நீக்கப்பட்டது. தோட்டத்து லயத்தில் வாழும் தொழிலாளர் எவராயினும் வாக்கில்லை என்றாயிற்று. லயத்திற் குடியிருந்தோரிற் பெரும்பாலானோர் யாரென்பதை அறியாதவர் அக்காலத்தில் ஒருவருமில்லை. தோட்டங்களுக்கு வேண்டியவற்றைத் துரைமாரே செய்கின்றனர், கிராமத்தின் வரியும் கிராமத்தின் பாதையும் கிராமத்தானுக்கே உரியன என்பது சொல்லப்பட்ட நியாயம். லயக்காம்பரா தொழிலாளியின் சொந்த மனையன்று என்பது சொல்லாமற் சொன்ன நியாயம். உத்தரமேரூர் மகாசபையார் இதைக் கேட்டிருந்தால் தலையசைத்திருப்பர்.

இதனை அடுத்து வந்ததை எல்லோரும் அறிவர். 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், 1949இன் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம், அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. மூன்றாவதன்படி குடியுரிமை இல்லாதவர் பெயர் வாக்காளர் இடாப்பில் ஏறமாட்டாது. ருவன்வெல்லைத் தொகுதியின் இடாப்பிலே தம் பெயரைச் சேர்க்கும்படி கோடக்கன் பிள்ளை என்பார் விண்ணப்பித்தார். பதிவு அலுவலர் மறுத்தார். ஒரு சமூகத்துக்கு மட்டும் ஊறு செய்யும் சட்டத்தை அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு தடுக்கிறது என்பது அவரது வாதம். வழக்கு இலண்டனில் பிரிவி கவுன்சில் வரை சென்றது. ஒரு நாடு தன் பிரசைகள் யாரென வகுப்பது அதன் இயல்பான உரிமை என்று கூறி, 1953 இல் அவர்கள் சட்டத்தை நிலைநிறுத்தினர். இடாப்பில் ஒரு பெயர் சேர்வதோ சேராதொழிவதோ எவ்வளவு பெரிய காரியம் என்பதை மாணவர்க்கு விளக்க எனக்கு இதனினும் நல்ல பாடம் கிடைத்ததில்லை. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 1974இன் உடன்படிக்கை, 1988இன் சட்டம் என்று நீண்டு சென்று 2003இன் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் நாடற்றோர் என்ற பிரிவு ஏட்டளவில் முடிவுக்கு வந்தது.

வாக்குரிமை மீண்டது; பிரதேச சபை மீண்டதா? 1987இன் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் கீழ்த் தோட்டத்து மக்களும் வாக்களித்துத் தம் உறுப்பினரைத் தெரிந்தனர். அவ்வுறுப்பினர் சபை நிதியைத் தோட்டத்து நிலத்திற் செலவிட முனைந்தபோது அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு குறுக்கே நின்றது. தேர்தலுக்குத் தேர்தல் வாக்குக் கேட்டு வந்தவர் வென்ற பின்னர் லயத்துக்குச் செல்லும் பாதையைச் செப்பனிடவும் சட்டத்துக்கு அஞ்ச வேண்டியிருந்தது. 2018 இற்றான் இது திருத்தப்பட்டது. அவ்வாண்டு பெப்ரவரித் தேர்தலுக்கு முன் நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரண்டு சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டன. மஸ்கெலியா, நோர்வூட், அக்கரப்பத்தனை, கொட்டகலை என்னும் பெயர்களிலே புதிய சபைகள் பிறந்தன.

இனி இடாப்பு எவ்வாறு ஆக்கப்படுகின்றது என்பதையும் சொல்லவேண்டும். உள்ளூராட்சித் தேர்தலுக்கெனத் தனிப் பதிவு கிடையாது. 1980இன் 44ஆம் இலக்க வாக்காளர் பதிவுச் சட்டத்தின்படி ஆண்டுதோறும் திருத்தப்படும் இடாப்பே இதற்கும் அடிப்படை. கிராம உத்தியோகத்தர் மூலம் வரும் படிவத்தைப் பிரதான குடியிருப்பாளர் நிரப்பிக் கொடுக்க, பட்டியல் தயாராகிப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். பெயர் விடுபட்டோர் அவ்வேளையில் உரிமைக் கோரிக்கை செய்யலாம். தகாத பெயர் இருப்பின் ஆட்சேபிக்கலாம். அத்தாட்சிப்படுத்தப்பட்ட பின் தேர்தல் நாளில் சாவடியில் நின்று அழுதும் பயனில்லை. வாக்களிக்கும் வயது 1959 இல் 18 ஆகக் குறைக்கப்பட்டது. ஆயினும் குறித்த நாளுக்குச் சில தினம் பிந்திப் பிறந்தவர் ஓராண்டு காத்திருந்தனர். 2021இன் திருத்தம் துணை இடாப்பு என்ற ஏற்பாட்டால் அக்குறையைப் போக்கியது. உயர்தர வகுப்பு ஆசிரியர்கள் இதனை வகுப்பிற் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

ஓரிடத்தில் வழமையாக வதிபவர் அவ்விடத்திற் பதியப்படுவார் என்பது விதி. மலையகத்து இளைஞன் கொழும்பிலே கடையில் வேலை செய்கிறான். இரவில் அக்கடையின் மேல்மாடியில் உறங்குகிறான். முதலாளி அவனைத் தன் முகவரியிற் பதியவிடுவதில்லை. அவன் பெயர் தோட்டத்து இடாப்பிலேயே கிடக்கும். தேர்தல் நாளில் ஊதியத்தோடு நான்கு மணி நேரத்துக்குக் குறையாத விடுமுறை தரவேண்டும் என்கிறது சட்டம். அந்த நான்கு மணி நேரத்தில் அவன் ஹற்றனுக்குப் போய்ச் சேருவதே அரிது, திரும்புவது எங்ஙனம்?

அவனுக்குத் தபால் வாக்கில்லை. ஆசிரியனாகிய எனக்கு உண்டு. இவ்வேற்றுமையை நாம் சிந்திப்பதில்லை. தபால் வாக்கு என்பது அரச ஊழியர், படையினர், பொலிசார், தேர்தற் கடமையாற்றுவோர் முதலானோர்க்கு உரியது. குறித்த காலத்துள் விண்ணப்பித்து, அலுவலகத் தலைவரின் அத்தாட்சியோடு அனுப்பினால், வாக்குச்சீட்டு வேலைத்தலத்துக்கே வரும். அத்தாட்சி அலுவலர் முன்னிலையில் மறைவாக அடையாளமிட்டு, உறையிலிட்டு ஒட்டிக் கொடுத்துவிடலாம். அவ்வாறு அனுமதி பெற்றவர் பின்னர் சாவடியில் வாக்களிக்க இயலாது. வேற்றூரில் உழைக்கும் கூலிக்கும், மேற்காசிய நாடுகளில் வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கும் இவ்வழி அடைக்கப்பட்டே இருக்கிறது. அவர்கள் அனுப்பும் பணத்தை நாடு எண்ணி வாங்குகிறது.

தபால் வாக்கும் ஒருமுறை எங்கள் கையிலிருந்து நழுவியது. 2023 மார்ச் 9 இல் நடைபெறவிருந்த தேர்தலுக்காகப் பெப்ரவரி 22 முதல் 24 வரை தபால் வாக்களிப்பு குறிக்கப்பட்டிருந்தது. வாக்குச்சீட்டு அச்சிடப் பணமில்லை என்ற காரணம் சொல்லி அது நிறுத்தப்பட்டது. பின்னே தேர்தலும் நின்றது. 2018 இல் தெரிவான சபைகளின் காலம் அம்மார்ச்சிலேயே முடிவுற, இரண்டாண்டுகளுக்கு மேலாக மக்கள் பிரதிநிதியின்றி அலுவலரே உள்ளூராட்சி நடத்தினர். உரிய காலத்தில் தேர்தல் நடத்தாமை மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. கிராமச் சங்கத் தேர்தல்தானே, பொறுத்தால் என்ன என்று அவ்வேளையிற் சொன்ன படித்தவர்களை ஆசிரியர் ஓய்வறையிலேயே கண்டேன். குடிநீரும் குப்பையும் விளக்கும் சபையின் பொறுப்பென்பது அவர்களுக்குத் தெரியாததன்று.

தேர்தல் 2025 மே 6 இல் நடந்தது. 1 கோடியே 71 இலட்சத்துக்கு மேற்பட்டோர் தகுதி பெற்றிருந்தனர். நான் ஏப்ரலிலேயே தபாலில் வாக்களித்துவிட்டு, அன்று மலையகத்துப் பாடசாலையொன்றில் அமைந்த வாக்கெடுப்பு நிலையத்தில் கடமையிலிருந்தேன். காலை ஏழு மணிக்கு வரிசையில் முதலில் நின்றவர்களுள் ஒரு பையன். இரவு பஸ்ஸில் கொழும்பிலிருந்து வந்தவன். கண்கள் சிவந்திருந்தன. விரலில் மை பூசியதும் அதை உலரவிடாமலே வெளியேறினான். ஒன்பது மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமாம்.

மாலை நான்கு மணிக்குக் கதவை மூடியபின் இடாப்பைப் பார்த்தேன். வந்தவர் பெயர்கள் கோடிடப்பட்டிருந்தன. ஒரே லயத்தில், அடுத்தடுத்த காம்பராக்களில், கோடு விழாத பெயர்கள் ஏழு. ஏழும் பெண்களின் பெயர்கள். என்னருகில் இருந்த எழுதுவினைஞர் அத்தோட்டத்தையே சேர்ந்தவர். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு, குவைத், குவைத், சவூதி, ஓமான் என்று மெல்லச் சொல்லிக்கொண்டு போனார்.