சிங்கப்பூர் நீரிணையின் இரு கரைகள்

அண்டை நாடுகள் கூடிச் சுற்றுலாவை வளர்த்த வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஆசியான் அமைப்பிலிருந்தே தொடங்குவர். 1967-இல் பாங்காக்கில் ஐந்து நாடுகள் அதனை நிறுவின. 1981-இல் கெந்திங் மலையில் முதல் ஆசியான் சுற்றுலா மாநாடு கூடிற்று. 1992-ஆம் ஆண்டு 'ஆசியானைக் காண வருக' ஆண்டாகக் கொண்டாடப்பெற்றது. ஆயினும் ஜொகூர், சிங்கப்பூர், ரியாவ் ஆகிய மூன்றின் கதையை அங்கிருந்து தொடங்குதல், நூலை நடுவில் விரித்துப் படிப்பதற்கு ஒப்பாகும்.

இம்மூன்றும் ஒரு காலத்தில் ஒரே அரசின் நிலங்கள். பிந்தான் தீவிலிருந்து ஆண்ட ஜொகூர்-ரியாவ் அரசுக்கு நீரிணை எல்லையன்று, நடுத்தெரு. 1824 மார்ச் 17-இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் இலண்டனில் செய்துகொண்ட உடன்படிக்கையே அத்தெருவின் நடுவே கோடு கிழித்தது. தெற்குத் தீவுகள் டச்சுக்காரருக்கு. சிங்கப்பூரும் தீபகற்பமும் ஆங்கிலேயருக்கு. அந்நாட்டு மன்னரை எவரும் கேட்டாரில்லை. மக்களைக் கேட்பது பற்றிச் சொல்லவும் வேண்டுமோ! ரியாவின் கடைசிச் சுல்தான் 1911-இல் அரசு பறிக்கப்பட்டுச் சிங்கப்பூரிலேயே குடியேறினார். பின்னர், 1963 முதல் 1966 வரை நிகழ்ந்த இந்தோனேசிய எதிர்ப்பின்போது அக்கோடு பகைக்கோடாகவே மாறிற்று.

இப்பின்னணியில் நோக்கினால்தான் 1989-இல் அன்றைய சிங்கப்பூர்த் துணைப் பிரதமர் கோ சோக் தோங் முன்மொழிந்த 'வளர்ச்சி முக்கோணம்' எத்துணைப் பெரிய திருப்பம் என்பது விளங்கும். 1990-இல் சிங்கப்பூரும் இந்தோனேசியாவும் ரியாவ் வளர்ச்சிக்கு உடன்படிக்கை செய்தன; 1994-இல் மலேசியாவும் சேர மூன்று நாடுகளும் கையெழுத்திட்டன. பிந்தானின் வடகரையில், லாகோயில், உல்லாச விடுதிகள் எழுந்தன. 1996-இல் அதிபர் சுகார்த்தோவும் பிரதமர் கோவும் அவற்றைத் திறந்துவைத்தனர். நிலமும் உழைப்பும் இந்தோனேசியாவினுடையவை; முதலும் பயணியரும் சிங்கப்பூர் வழி வந்தவை. ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகுப் பயணம். நெடுங்காலம் விடுதிகளின் விலைகூடச் சிங்கப்பூர் வெள்ளியிலேயே குறிக்கப்பட்டிருந்தது. முக்கோணம் என்ற பெயர் இருப்பினும், ஜொகூரையும் ரியாவையும் இணைக்கும் பக்கம் மெலிந்தே கிடந்தது என்பதே என் கருத்து.

நிலத்தை இழந்த கிராமத்தாரையும் இங்கு மறத்தலாகாது. கிடைத்த இழப்பீடு போதாதென்று அவர்கள் 2000-ஆம் ஆண்டில் கிளர்ந்தெழுந்தனர். விளம்பரத் தாள்களில் அவர்களுக்கு இடமில்லை.

விளம்பரத் தாள்களில் அருகியே காணப்படும் மற்றொன்று பெஞெங்காட் தீவு. தஞ்சோங்பினாங்கு நகருக்கு எதிரே, சிறு படகில் கால்மணி நேரத் தொலைவில் உள்ளது அது. சுல்தான் மகமூது தம் துணைவி எங்கு புத்ரி அமீதாவுக்கு மணக்கொடையாக அளித்த தீவு. அரசின் முடிசூட்டுச் சின்னங்களைக் காத்து நின்று, அவற்றைத் தர மறுத்தவர் அவ்வம்மையார். 1822-இல் டச்சுக்காரர் அவற்றை வலிந்து பறித்தனர். அவர் அடக்கமான வளாகத்திலேயே, 2004-இல் இந்தோனேசியாவின் தேசிய வீரராக அறிவிக்கப்பெற்ற புலவர் ராஜா அலி ஹாஜியும் அடங்கியுள்ளார். அவர் 1847-இல் இயற்றிய 'குரிந்தாம் துவா பெலாஸ்' ஈரடிச் செய்யுட்களால் ஆன அறநூல். குறள் பயின்ற நம் மாணவர்க்கு அதன் நடை அயலாகத் தோன்றாது. 'குரிந்தாம்' என்னும் சொல்லே தமிழிலிருந்து சென்றது என்பாரும் உளர். அதனை முடிந்த முடிபாகக் கொள்ள நான் துணியேன்.

லாகோயில் இறங்கி லாகோயிலேயே படகேறும் பயணி இவற்றுள் எதனையும் காண்பதில்லை. கொரோனாத் தொற்றால் 2020-இல் நின்ற போக்குவரத்தை 2022 தொடக்கத்தில் இரு நாடுகளும் மீட்டபோதும், முதலில் திறக்கப்பட்டவை பாத்தாமின் நொங்சாவும் பிந்தானின் லாகோயுமே. சிங்கப்பூரிலிருந்து தஞ்சோங்பினாங்குக்கு நேரே செல்லும் படகும் உண்டு. பள்ளிச் சுற்றுலாவுக்குத் திட்டமிடும் ஆசிரியர்கள் அப்படகிற்கே சீட்டு வாங்கலாம்.