சாண்ட்விச்சும் முக்காலியும்

மைசூரிலிருந்து உதகைக்குச் செல்லும் சாலையில், பந்திப்பூர்க் காடு தொடங்குமுன் எதிர்ப்படும் குண்டலுபேட்டை, குண்டலு என்னும் ஆற்றின் பெயரோடு, வணிகர் கூடும் இடத்தைக் குறிக்கும் பேட்டை என்னும் சொல் சேர்ந்து பெயர் பெற்ற ஊராகும். இங்கிலாந்தின் கெண்ட் பிரதேசத்திலுள்ள சாண்ட்விச் என்னும் ஊரின் பெயரும் அவ்விதமே, மணலைக் குறிக்கும் சொல்லும் வாணிகக் குடியிருப்பைக் குறிக்கும் ‘விக்’ என்னும் பழஞ்சொல்லும் கூடிப் பிறந்தது; அதை மணற்பேட்டை என்று நாம் அழைத்தாலும் பிழையில்லை. அவ்வூரின் பெயரால் பட்டம் பெற்ற நான்காம் பிரபு ஜான் மாண்டேகு, இரு ரொட்டித் துண்டுகளுக்கிடையே இறைச்சியை வைத்து உண்டார் என்ற கதையை நம்புவார் நம்பட்டும். அப்பண்டத்தைக் குறிக்கும் சொல்லைச் சரித்திராசிரியர் கிப்பன் 1762-இல் தம் நாட்குறிப்பில் எழுதியிருப்பது உறுதி.

ரசாயன சாஸ்திரத்தில் இச்சொல் புகுந்த வரலாறு பெரோசீன் என்னும் ஆரஞ்சு நிறச் சேர்மத்தைப் பற்றியது. 1951-இல் கீலியும் பாசனும் அதை வெளியிட்டபோது அதன் உருவத்தைச் சரியாக ஊகிக்கவில்லை. ஐந்து கரியணுக்கள் கொண்ட வளையங்கள் இரண்டின் நடுவே இரும்பணு அமர்ந்திருப்பதை மறுவருஷமே வில்கின்சன், உட்வர்டு முதலியோர் ஒருபுறமும், பிஷர் மற்றொருபுறமும் கண்டனர். 1953-இல் டூனிட்ஸும் ஆர்கெலும் அதை ‘மூலக்கூற்றுச் சாண்ட்விச்’ என்று கட்டுரைத் தலைப்பிலேயே எழுதினர். பிஷரும் வில்கின்சனும் 1973-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஒரு வளையத்தை நீக்கி, அவ்விடத்தில் கார்பன் மோனாக்சைடு, குளோரின் போன்ற சிறு தொகுதிகளை உலோகத்தோடு பிணைத்தால் கிடைப்பதே அரைச் சாண்ட்விச். இவற்றுள் இன்று மிகுதியாகக் கையாளப்படும் ஒன்று சைமீன் வளையம் ஏந்திய ருத்தீனியச் சேர்மம். சைமீன் என்ற பெயரோ, சீரகத்தின் கிரேக்கப் பெயரான ‘கூமினான்’ என்பதன் வழிவந்தது. ஆய்வுக்கூடத்தில் சீரகத்தைத் தேடுவதில்லை. ருத்தீனியக் குளோரைடை ஆல்பா பெல்லாண்ட்ரீன் என்னும் திரவத்தோடு எத்தனாலில் கொதிக்கவைத்தால், அத்திரவம் ஹைட்ரஜனை இழந்து தானே சைமீனாகி உலோகத்தைப் பற்றிக்கொள்ள, செந்நிறப் படிகங்கள் பிரிகின்றன. அந்தப் பெல்லாண்ட்ரீன், குண்டலுபேட்டை வட்டாரத்து விவசாயிகள் ஏராளமாகப் பயிரிடும் மஞ்சளின் இலையெண்ணெயில் நிறைய இருக்கிறது. கிழங்குக்குக் கிடைக்கும் கௌரவம் இலைக்கு இல்லை என்பது என் சிறு வருத்தம். இவ்வகை ருத்தீனியச் சேர்மங்களைப் புற்றுநோய் மருந்துக்காக ஆராய்ந்தவர்களுள் பெங்களூர் இந்திய விஞ்ஞான ஸ்தாபனத்தின் அசோகா சாமுவேல்சனும் ஒருவர்.

பெயரைப் பற்றி என் அபிப்பிராயம் வேறு. ஒரு பக்கத்து ரொட்டியை எடுத்துவிட்டபின் எஞ்சுவது சாண்ட்விச்சே அன்று. வளையத்தை இருக்கையாகவும் மூன்று தொகுதிகளைக் கால்களாகவும் கண்டு ரசாயனிகள் வழங்கும் ‘பியானோ முக்காலி’ என்ற மறுபெயரே உருவத்துக்குப் பொருந்துகிறது. நான்கு கால் உடையனவும் உண்டு, அவற்றுக்கு நம்மிடம் நாற்காலி இருக்கிறது. தமிழில் ரசாயன பாடநூல் எழுதுவோர் பியானோவை மேனாட்டாருக்கே விட்டுவிட்டு, முக்காலிச் சேர்மம் என்று எழுதுவார்களாக.